ராபர்ட் பாலின் காமிரா

விக்டோரியா மகாராணியின் ஆட்சி தன் அந்திமக் கட்டத்தை எய்திவிட்ட 1894-ஆம் ஆண்டில், லண்டன் ஹாட்டன் கார்டன் வீதியில் மின்சாரக் கருவிகள் செய்து வந்த ராபர்ட் பால் என்னும் இளம் நிபுணரை நாடி வந்த கிரேக்க வர்த்தகர் இருவர், ஒருவர் மட்டுமே குனிந்து துவாரத்தின் வழியே படம் பார்க்கக்கூடிய எடிசனின் கினட்டாஸ்கோப்பைப் போலத் தமக்கும் செய்து தரவேண்டுமென்று கேட்டார்கள். முதலில் மறுத்த பால், எடிசன் அதற்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெறவில்லை என்று விசாரித்து அறிந்தபின் வேலையைத் தொடங்கினார். ஆனால், போலி யந்திரங்களுக்குப் படச்சுருள் கொடுப்பதில்லை என்று எடிசன் தரப்பார் உறுதியாக நின்றுவிட்டார்கள். படம் இல்லாவிட்டால் அவ்வளவும் வெறும் பெட்டிகள்தானே! அந்த நிர்ப்பந்தமே பாலைக் காமிரா செய்யத் தூண்டியது. ஆங்கிலேயச் சினிமாவின் ஜனனத்துக்கு ஒரு மறுப்பே காரணமாயிற்று என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

புகைப்படக் கலையில் தேர்ந்த பர்ட் ஏக்கர்ஸின் துணையோடு 1895-இன் தொடக்கத்தில் அந்தக் காமிரா உருவாயிற்று. அதில் பெரும் சிரமம் சுருளை ஓட்டுவதில் இல்லை, நிறுத்துவதில்தான் இருந்தது. தையல் யந்திரத்தில் ஊசி இறங்கும்போது துணி அசையாது நின்று, ஊசி எழுந்ததும் நகர்வதுபோல, 35 மில்லிமீட்டர் அகலமுள்ள செல்லுலாய்டுச் சுருள் லென்ஸுக்குப் பின்னே ஒரு கணம் நிற்கவேண்டும். ஒளி பட்டதும் மூடி மறைக்க, அந்த இருளுக்குள்ளேயே அடுத்த படத்துக்குரிய இடம் வந்து சேரவேண்டும். ஒரு விநாடிக்குள் பல தடவை இது நிகழவேண்டும். சற்றே பிசகினாலும் உருவங்கள் கலங்கிப்போகும். நுண்ணிய கருவிகளில் பழகிய கைகளுக்கே இது சாத்தியமாயிற்று என்று கருதுகிறேன்.

அவ்வாண்டு டெர்பி குதிரைப் பந்தயத்தை அவர்கள் படம் பிடித்தார்கள். நட்பு நெடுநாள் நீடிக்கவில்லை. உரிமைப் பூசலில் இருவரும் பிரிந்தனர். தனித்து நின்ற பால், 1896-இல் திரையில் காட்டும் யந்திரம் ஒன்றைச் செய்து, அதில் சுருளை நிறுத்தி நகர்த்தச் சிலுவை வடிவச் சக்கரத்தைப் பயன்படுத்தினார். அதே ஆண்டு டெர்பியில் வேல்ஸ் இளவரசரின் பெர்சிம்மன் என்ற குதிரை வென்ற காட்சியை மறுநாள் இரவே லண்டன் அரங்குகளில் காட்டி ஜனங்களைப் பரவசப்படுத்தினார்.

1897 ஜூன் 22-ஆம் தேதி மகாராணியின் வைரவிழா ஊர்வலத்தைப் படமெடுக்க அவர் செய்த ஏற்பாடு இன்னும் விசேஷமானது. அதுவரை காமிரா பெரும்பாலும் முக்காலியின்மேல் அசையாமல் நிற்கும். எதிரே வந்ததை மட்டும் வாங்கிக்கொள்ளும். பாலோ, கைப்பிடியைச் சுற்றினால் காமிரா பக்கவாட்டில் மெல்லத் திரும்பும்படி பற்சக்கரம் பொருத்திய முக்காலித் தலையை அமைத்து, செல்லும் ஊர்வலத்தைப் பின்தொடர்ந்தார். மறு வருஷமே மற்றப் படக்காரர்களுக்கும் அதை விற்கத் தொடங்கினார்.