நாளைக்கு அழலாம்

1953 பிப்ரவரி. அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் 'திஸ் இஸ் யுவர் லைஃப்' நிகழ்ச்சி. ஒரு காலத்தில் ஹாலிவுட்டில் ஜொலித்துக் காணாமல் போயிருந்த பாடகி லில்லியன் ராத்தின் வாழ்க்கை அன்று நாடறிய விரிந்தது. குடிக்கு அடிமையாகிக் கிடந்து மீண்ட கதை அது. குடிநோயாளிகள் ஒருவரையொருவர் தாங்கி மீட்கும் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' அமைப்பில் பெயரை வெளியே சொல்லாமலிருப்பதுதான் மரபு. லில்லியன் முகத்தைக் காட்டினார், பெயரோடு பேசினார். குடிக்கிற ஆணையே ஊர் ஏளனம் செய்த காலத்தில், குடித்த பெண்ணுக்கு அதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

அடுத்த ஆண்டே அவர் தன் வரலாற்றைப் புத்தகமாக்கினார். 1955-ல் எம்.ஜி.எம். நிறுவனம் 'ஐ வில் க்ரை டுமாரோ' என்று அதே பெயரில் படமாக்கியது. இயக்கியவர் டேனியல் மான். லில்லியனாக நடித்தவர் சூசன் ஹேவர்ட்.

அந்த வருடம் சூசனும் நொறுங்கிப் போயிருந்தார். மணமுறிவு, இரட்டைப் பிள்ளைகளுக்காக நீதிமன்றப் போராட்டம். ஏப்ரலில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு உயிர் பிழைத்தார். அங்கிருந்து எழுந்து வந்துதான் இந்தப் பாத்திரத்தைச் செய்தார். மூன்றாண்டுகளுக்கு முன் வேறொரு பாடகியின் கதையில் இரவல் குரலுக்கு வாயசைத்தவர், இதில் பாடல்களைத் தானே பாடினார். தேர்ந்த பாடகியின் குரல் அல்ல அது. ஆனால் அந்தப் பாத்திரத்துக்கு வேறெந்தக் குரலும் பொருந்தியிருக்காது.

படத்தின் உயிர் தாய்க்கும் மகளுக்கும் நடக்கும் போராட்டத்தில் இருக்கிறது. சிறுமியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாய்ப்புக்காக வாசல் வாசலாக ஏறி இறங்கும் தாய். வாய்ப்பு கைநழுவியதும் ஆத்திரத்தில் குழந்தையைத் தள்ளிவிடுகிறாள். மறு நிமிடமே பதறிப்போய் அணைக்கிறாள். தாயாக வரும் ஜோ வான் ஃப்ளீட் உண்மையில் சூசனைவிடச் சிறிதே மூத்தவர். வளர்ந்த மகள் 'எல்லாம் உன்னால்தான்' என்று வெடிக்க, தாய் தன் பங்குக்குக் குமுறும் காட்சியில் அந்த வயதுக் கணக்கு நினைவுக்கே வராது. யார் பக்கம் நிற்பது என்று நமக்கே தெரியாமல் போகிறது. குடியைப் பற்றிய எத்தனையோ படங்கள் வந்திருக்கின்றன. அதன் வேரைத் தேடி வீட்டுக்குள் இவ்வளவு தூரம் நுழைந்தவை வெகு சில.

அரங்கின் நடைபாதையில் சூசன் மெல்ல நடந்து, நிகழ்ச்சி மேடையை நோக்கி வருவதோடு படம் முடிகிறது. மேடையில் காத்திருப்பவர் அசல் நிகழ்ச்சியை நடத்திய ரால்ஃப் எட்வர்ட்ஸேதான்!

1956-ல் கான் திரைப்பட விழா சூசனுக்குச் சிறந்த நடிகை விருது கொடுத்தது. ஆஸ்கர் மட்டும் கைநழுவி, 'தி ரோஸ் டாட்டூ'வில் நடித்த அன்னா மன்யானிக்குப் போனது. அந்தப் படத்தை இயக்கியவரும் இதே டேனியல் மான். சூசன் ஆஸ்கரைத் தொட, 1958-ல் வெளிவந்த 'ஐ வான்ட் டு லிவ்' வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

லில்லியன்? 1962-ல் பிராட்வே மேடைக்குத் திரும்பினார். பார்பரா ஸ்ட்ரைசாண்ட் பிராட்வேயில் அறிமுகமான அதே இசை நாடகம். தாயின் கைப்பிடியில் மேடைக்கு வந்த சிறுமிக்கு அதில் கிடைத்தது, நாயகனின் தாய் வேடம்.

(தொடரும்)