பழைய வானலைக் கட்டுப்பாட்டு மாதிரி மகிழுந்துகள்

வானலைக் கட்டுப்பாட்டால் இயங்கும் பழைய மாதிரி மகிழுந்துகளைச் சேகரித்தல், பூட்டுதல், சீரமைத்தல் ஆகியன ஒரு பொழுதுபோக்கு ஆகும். சப்பானின் தமியா நிறுவனம் 1976இல் தன் முதல் வானலை மகிழுந்தாகப் போர்சே 934-ஐ 1/12 அளவில் வெளியிட்டது. 1979இல் வந்த 'சேண்ட் இசுகார்ச்சர்' வோக்சுவாகன் பீட்டில் வடிவில், மணற்பரப்பிலும் ஓடுமாறு அமைந்தது. சேகரிப்போர் பெரிதும் விரும்பும் மாதிரிகளுள் இதுவும் ஒன்று.

காலப்போக்கில் நெகிழி நொறுங்கும். சக்கர இரப்பர் வெடிக்கும். கழற்றாமல் விட்ட மின்கலம் கசிந்து இணைப்புகளை அரிக்கும். உதிரிப் பாகம் கிடைக்காதபோது ஒரு வண்டியைக் காக்க மற்றொன்றைப் பிரிக்க நேரும். 2010இல் சேண்ட் இசுகார்ச்சர் மீண்டும் வெளியானதால் அதற்குப் புதுப் பாகங்கள் கிடைத்தன. ஆயினும் அவற்றைப் பூட்டிய வண்டியை மூல வண்டி எனக் கொள்ளலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. விற்கும்போது மாற்றிய பாகங்களைக் குறிப்பிடுவதே முறை; கழற்றிய மூலப் பாகங்களையும் சிலர் உடன் தருவர்.