படுத்த படுக்கையில் பெற்றோர், பணிவிடையில் பிள்ளை: சட்டத்தில் என்ன வழி?

அம்மா பக்கவாதத்தில் படுத்துவிட்டார், அத்தா வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும் என்றால், பள்ளியை விட்டு நிற்பது பெரும்பாலும் மூத்த பெண்பிள்ளைதான். புதுப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் இதை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். "நல்ல பிள்ளை" என்று பாராட்டுவதோடு நம் கடமை முடிந்துவிடுகிறது.

இங்கிலாந்தில் 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இப்படிப்பட்ட பிள்ளைக்கு என்ன உதவி தேவை என்று உள்ளாட்சி நிர்வாகம் மதிப்பிட்டாக வேண்டும். ஸ்காட்லாந்தில் 2019 முதல் அவர்களுக்கென்றே தனி உதவித்தொகை உண்டு. நம் நாட்டுச் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவே இல்லை. குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டமும் வீட்டுக்குள் நடக்கும் இந்த வேலையைக் கணக்கில் எடுப்பதில்லை. எனவே இரண்டு வாசல்களைத் தட்ட வேண்டியிருக்கிறது.

முதல் வாசல் நோயாளியின் பெயரில். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, ஊதியம் இல்லாமல் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தாரையும் 'பராமரிப்பாளர்' என்கிறது. அதில் வயது வரம்பு எதுவும் சொல்லப்படவில்லை. அதிக உதவி தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி தர 24-ஆவது பிரிவு வழி செய்கிறது. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தமிழக அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வழங்குகிறது. இதற்கு முதலில் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வேண்டும். பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு: சட்டம் பட்டியலிட்ட 21 குறைபாடுகளில் புற்றுநோயும் சிறுநீரகச் செயலிழப்பும் இல்லை. டயாலிசிஸ் செய்துகொள்ளும் தகப்பனுக்கு இந்த வாசல் திறப்பது கடினம்.

அவர்களுக்கு இரண்டாம் வாசல் உதவும். இது பிள்ளையின் பெயரில். 'மிஷன் வாத்சல்யா' திட்டத்தில், உயிருக்கு ஆபத்தான நோயுள்ள பெற்றோரின் பிள்ளைகளுக்கும், உடல்நிலையாலும் வறுமையாலும் வளர்க்க முடியாத பெற்றோரின் பிள்ளைகளுக்கும் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. குடும்பத்தின் ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, நகரத்தில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். செங்கல்பட்டில் உள்ள மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்கலாம். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்தோறும் நடக்கும் குறைதீர் நாளிலும் மனு கொடுக்கலாம். மருத்துவச் சான்று, வருமானச் சான்று, பள்ளிச் சான்று மூன்றும் கையில் இருந்தால் அலைச்சல் குறையும்.

படிப்பு நின்றுவிட்டதே என்று தயங்க வேண்டாம். 6 முதல் 14 வயது வரை, இடையில் நின்ற பிள்ளையை அதன் வயதுக்குரிய வகுப்பிலேயே சேர்க்க வேண்டும் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். பதினான்கு வயதுக்கு மேல் அந்தப் பாதுகாப்பு கிடையாது. பிள்ளைகள் அதிகம் நிற்பதோ அந்த வயதில்தான். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண், கல்லூரியில் சேர்ந்தால் 'புதுமைப் பெண்' திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் பெறலாம். ஒன்பதாம் வகுப்போடு நின்றால் அதுவும் போயிற்று.

பகலில் நோயாளியை யார் பார்ப்பது? 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வலி நிவாரணப் பராமரிப்பும் வீடு தேடி வரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தால் போதும். படிவம் நிரப்பத் தெரியாத வீடுகளுக்கு ஜமாஅத் நிர்வாகிகள் ஒருவரை அனுப்பி எழுதிக் கொடுக்கலாம். அவசரம் என்றால் 1098 எண்ணுக்குப் பிள்ளையே கூட அழைக்கலாம், கட்டணம் இல்லை.