பிரம்புப் போதனை

பிள்ளையை அடித்துத் திருத்துவது பெற்றோருக்குக் கடவுள் இட்ட கடமை என்று சில கிறிஸ்தவப் பிரிவுகள், குறிப்பாக அமெரிக்க அடிப்படைவாதச் சபைகள், கற்பித்துவரும் கொள்கை. பழைய ஏற்பாட்டின் நீதிமொழிகளில் பிரம்பைக் குறித்து வரும் சில வசனங்களை (13:24, 22:15, 23:13-14) இதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். சுவிசேஷங்களில் இயேசு பிள்ளைகளை அடிக்கச் சொன்னதாக ஓரிடத்திலும் இல்லை.

மனிதர் பிறப்பிலேயே பாவிகள் என்ற நம்பிக்கை இந்த வசனங்களோடு சேர்ந்தபோது, குழந்தையின் பிடிவாதம் கடவுளுக்கு எதிரான கலகமாகப் பார்க்கப்பட்டது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லிக்கு அவருடைய தாய் சூசன்னா 1732-ல் ஒரு கடிதம் எழுதினார். குழந்தையின் சுயசித்தத்தைச் சீக்கிரமே அடக்கிவிட வேண்டும் என்பது அதன் சாரம். தம் பிள்ளைகள் ஒரு வயதிலேயே பிரம்புக்கு அஞ்சவும் சத்தமில்லாமல் அழவும் பழகியதாக அதில் அவர் சொல்கிறார். அதே மரபில் வந்த ஐக்கிய மெதடிஸ்ட் திருச்சபை, 2004-ல், அடிக்காமல் பிள்ளைகளை வளர்க்கும்படி பெற்றோரைக் கேட்டுக்கொண்டது.

அமெரிக்க அடிப்படைவாதச் சபைகளில் போக்கு வேறாக இருந்தது. உளவியலாளர் ஜேம்ஸ் டாப்சன் 1970-ல் எழுதிய ‘டேர் டு டிசிப்ளின்’ அடிக்குப் புதிய மரியாதை தேடித்தந்தது. 1994-ல் வெளிவந்த ‘டு ட்ரெயின் அப் எ சைல்ட்’ இன்னும் தீவிரமானது. டென்னசியைச் சேர்ந்த மைக்கேல், டெபி பேர்ல் தம்பதி எழுதிய இந்நூல் கைக்குழந்தைகளையும் விட்டுவைக்கவில்லை. மெல்லிய பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாயை அடிக்கும் கருவியாக மைக்கேல் பேர்ல் பரிந்துரைத்தார். 2010-ல் கலிஃபோர்னியாவில், லைபீரியாவிலிருந்து தத்தெடுக்கப்பட்ட ஏழு வயதுச் சிறுமி இத்தகைய குழாயால் மணிக்கணக்கில் அடிக்கப்பட்டு இறந்தாள். தசைகள் சிதைந்து உறுப்புகள் செயலிழந்திருந்தன. வளர்ப்புப் பெற்றோர் சிறை சென்றார்கள். கோபத்தில் அடிக்கக் கூடாது என்றே எழுதியிருப்பதாகச் சொல்லி மைக்கேல் பேர்ல் பொறுப்பை மறுத்தார்.

அந்த மறுப்பு ஆபத்தின் மையத்தைத் தொடவில்லை. அந்நூலைப் போல, குழந்தை முழுமையாகப் பணியும்வரை அடி தொடர வேண்டும் என்று போதித்தால், எப்போது நிறுத்துவது என்பது குழந்தை பணிவதைப் பொறுத்ததாகிவிடுகிறது. பயத்தில் உறைந்த குழந்தையும், தன்னிடம் என்ன கேட்கிறார்கள் என்று புரியாத குழந்தையும் பணியத் தெரியாமல் மேலும் அடிபடுகின்றன. பாதியில் நிறுத்தும் பெற்றோருக்கோ கடவுளுக்குக் கீழ்ப்படியவில்லை என்ற குற்றவுணர்வு. நிதானமாக அடிக்கும் கையும் இதனால் கொல்லக்கூடும்.

சட்டம் மெல்லத்தான் குறுக்கிட்டது. 1979-ல் வீட்டிலும் அடியைத் தடைசெய்த முதல் நாடு ஸ்வீடன். அமெரிக்காவின் வெர்மான்ட்டில், 1984-ல், பிள்ளைகளைப் பிரம்பால் அடித்து வளர்த்த ‘பன்னிரு கோத்திரங்கள்’ என்ற மதக்குழுவிடமிருந்து 112 குழந்தைகள் மீட்கப்பட்டார்கள். நீதிபதி அன்றே அவர்களைத் திருப்பி அனுப்பினார். அதே குழுவின் 40 குழந்தைகளை ஜெர்மனியின் பவேரியா 2013-ல் மீட்டபோது முடிவு வேறாக அமைந்தது: பிள்ளைகளைப் பிரித்தது சரியே என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்தது. தென்னாப்பிரிக்க அரசியலமைப்பு நீதிமன்றம், பள்ளிகளில் பிரம்படிக்கு மதத்தின் பெயரால் விலக்குக் கேட்ட கிறிஸ்தவப் பள்ளிகளின் கோரிக்கையை 2000-லேயே நிராகரித்திருந்தது. 2019-ல் வீட்டில் அடிக்கும் பெற்றோருக்கு இருந்த சட்டப் பாதுகாப்பையும் நீக்கியது. அமெரிக்காவிலோ, பெற்றோர் ‘நியாயமான’ அளவில் அடிப்பதை எல்லா மாநிலங்களும் இன்றும் அனுமதிக்கின்றன.