சபரகமுவ தோட்ட மயானங்கள்

இலங்கையின் சபரகமுவ மாகாணத்தில், இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களுக்குள் மலையகத் தமிழர் தம் இறந்தோரைப் புதைக்கும் அல்லது எரிக்கும் நிலங்கள் தோட்ட மயானங்கள் எனப்படுகின்றன. சுடுகாடு, இடுகாடு என்றும் மக்கள் இவற்றைச் சொல்வதுண்டு. பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை, யட்டியாந்தோட்டை, தெரணியகலை போன்ற பகுதிகளில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்கள் இந்நிலங்களில் அடங்கியிருக்கிறார்கள். கல்வெட்டும் பெயர்ப்பலகையும் அரிதான இம்மயானங்கள், அருகில் குடியிருப்போரின் நினைவையும் உழைப்பையும் நம்பியே நிலைத்து வந்துள்ளன.

தோற்றம்

1820களில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் கொண்டுவரப்பட்டனர். மன்னாரிலிருந்து மாத்தளை நோக்கி நடந்த பாதையில் காலராவாலும் காய்ச்சலாலும் பசியாலும் மாண்டவர்கள் வழியிலேயே விடப்பட்டனர் அல்லது புதைக்கப்பட்டனர். கோப்பி வேலை பெரிதும் பருவகாலத்தைச் சார்ந்திருந்ததால், பலர் அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பினர்.

1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. 1876இல் ஹெனரத்கொடைத் தாவரவியல் தோட்டத்துக்கு வந்த இறப்பர்க் கன்றுகளின் வழித்தோன்றல்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் களனிப் பள்ளத்தாக்கெங்கும் பரவின. 1912இல் இருப்புப்பாதை இரத்தினபுரியை எட்டியது. கொழுந்து பறிப்பதும் இறப்பர்ப் பால் வெட்டுவதும் ஆண்டு முழுவதும் நடக்கும் வேலைகள். எனவே குடும்பங்கள் லயங்கள் எனப்படும் வரிசை வீடுகளில் நிலையாகத் தங்கின. பிறப்பும் இறப்பும் தோட்டத்திற்குள்ளேயே நிகழ்ந்தன. நிலையான மயானமும் தேவையாயிற்று.

ஐரோப்பியத் துரைமாரின் கல்லறைகள் இதற்கு முற்றிலும் மாறான நிலையில் இருந்தன. இலங்கையிலுள்ள கல்லறை வாசகங்களைத் தொகுத்து ஜே. பென்றி லூயிஸ் 1913இல் வெளியிட்ட நூலில் ஐரோப்பியரின் பெயரும் பதவியும் இறந்த நாளும் பதிவாகியுள்ளன. தொழிலாளர் பெயர்களோ செக்ரோல் எனப்படும் தோட்ட வேலைப் பதிவேட்டில் ஏறி, வேலை நின்றதும் அதிலிருந்து நீங்கின. தேயிலைத் தூரின் கீழ் நினைவுக்குறியின்றிக் கிடப்போரை மலையகக் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை தம் ஆங்கிலக் கவிதையில் பாடுபொருளாக்கினார்.

அடக்கமும் பராமரிப்பும்

தோட்டத்தில் சாவு விழுந்தால் லயத்து இளைஞர்கள் குழி வெட்டுவர். தப்பு முழங்கப் பிரேதம் எடுத்துச் செல்லப்படும். தப்படிப்பதையும் குழி வெட்டுவதையும் குறிப்பிட்ட சாதியினர்மீது சுமத்தும் வழக்கமும் இருந்தது. பெண்கள் பொதுவாக லயத்தோடு நின்றுவிடுவர். அவர்கள் பாடும் ஒப்பாரியில் இறந்தவரின் உறவுமுறையும் பட்ட பாடும் இடம்பெறும். எழுத்துப் பதிவு வாய்க்காத குடும்பங்களுக்கு அதுவே வாழ்க்கை வரலாறு.

அடக்கத்துக்கு மறுநாளோ மூன்றாம் நாளோ பால் தெளிப்பார்கள். அப்போது மண்மேட்டைச் சீராக்கி, பூ வைத்து, விளக்கேற்றுவர். பதினாறாம் நாள் அல்லது குடும்ப வழக்கப்படியான நாளில் கருமாதி நடக்கும். ஆண்டுத் திதிக்கும், சில குடும்பங்களில் தீபாவளிக்கு முன்னரும் புல் செதுக்கி மேட்டைத் துப்புரவாக்குவர். தீபாவளியன்று இறந்தோருக்கு வீட்டில் புதுத்துணியும் அவர்கள் விரும்பிய உணவும் படைப்பது மலையகத்தில் பரவலான வழக்கம்.

கத்தோலிக்கர் நவம்பர் 2இல் கல்லறைத் திருநாளை அனுசரிக்கின்றனர். அதற்கு முன்பே கல்லறைகளைத் துப்புரவாக்கி, அன்று மெழுகுதிரி ஏற்றி, குருவானவரின் ஆசியுரையில் பங்கேற்பர். இவ்விரு மாவட்டங்களுக்குமான இரத்தினபுரி மறைமாவட்டம் அதே நாளில், 1995இல் உருவாக்கப்பட்டது.

தென்மேற்குப் பருவமழை கடுமையாகப் பெய்யும் இச்சரிவுகளில் மண்மேடு நெடுங்காலம் நிற்பதில்லை. வசதியுள்ளோர் சிமெந்தால் கட்டுகின்றனர்; மற்றவர்கள் கல் நட்டோ செடி வைத்தோ அடையாளமிடுகின்றனர். மரணச் செலவையும் வேலைகளையும் பகிர்ந்துகொள்ள மரண உதவிச் சங்கங்கள் உதவுகின்றன.

குடியுரிமையும் இடப்பெயர்வும்

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தந்தையோ தந்தைவழி முன்னோரோ இலங்கையில் பிறந்தவர்கள் என்று நிறுவுமாறு கோரியது. பத்திரம் இல்லாத பெரும்பாலான தோட்ட மக்கள் நாடற்றவர்களாயினர். பாட்டன் தோட்டத்து மண்ணில் அடங்கியிருப்பது சான்றாகக் கொள்ளப்படவில்லை.

1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும், 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் வகை செய்தது. தலைமன்னார் வழியே கப்பலேறியவர்கள் பெற்றோரின் கல்லறைகளை விட்டுப் போயினர். 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் நடந்த வன்முறையும், 1983 இனக்கலவரமும் இன்னும் பல குடும்பங்களை வடக்கிற்கும் தமிழகத்திற்கும் விரட்டின. பார்ப்பாரற்ற மேடுகள் காடேறின.

சட்ட நிலை

மயானங்கள் பற்றிய அடிப்படைச் சட்டம் 1899ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மயான, அடக்கக் கட்டளைச்சட்டம். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச்சட்டம் 1815 மார்ச் 2க்கு முற்பட்டவற்றையே தொல்பொருளாக வரையறுத்தது. தோட்டங்கள் அந்நாளுக்குப் பின்னர் எழுந்தவை என்பதால் அவற்றின் மயானங்கள் அவ்வரையறைக்குள் வருவதில்லை.

நிலமும் தொழிலாளர் கையில் இல்லை. 1972, 1975 நிலச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குச் சென்றது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது. மயானத்துக்குப் பாதை வெட்டவோ வேலி போடவோ தோட்ட நிர்வாகத்தின் தயவே வேண்டியிருந்தது. 2018இல் செய்யப்பட்ட திருத்தம் இத்தடையைத் தளர்த்தியது.

பாதுகாப்பு

கண்டியில் 1870களில் மூடப்பட்ட பிரித்தானியப் படையினர் கல்லறைத் தோட்டம் 1998இல் புதுப்பிக்கப்பட்டு, பார்வையாளர் வரும் இடமாயிற்று. பதிவேடும் கல்வாசகங்களும் அதற்குத் துணைநின்றன. தோட்ட மயானத்துக்கு அவ்வாறான ஆதாரம் குறைவு. எனவே எல்லையை அளந்து வரைபடமாக்குதல், முதியோர் நினைவிலிருந்து இன்னார் மேடு இதுவென எழுதி வைத்தல், செக்ரோலோடும் மரணப் பதிவோடும் ஒப்பிடுதல் ஆகியவையே இங்கு முதற்பணிகள். சிமெந்துக் கட்டுமானம் அதற்குப் பிந்தியது.

மண்சரிவு அபாயமும் காலத்தை நெருக்குகிறது. 2016 மே 17இல் கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவிலும், புளத்கொஹுபிட்டிய களுபான தோட்டத்திலும் மலை சரிந்து குடியிருப்புகளை மூடியது. இத்தகைய சரிவுகளால் லயங்களை வேறிடத்துக்கு மாற்றும்போது மயானத்துக்கான வழியுரிமையையும் எழுத்தில் உறுதிசெய்வது அவசியம்.

2023இல் மலையக மக்கள் வருகையின் 200ஆம் ஆண்டை முன்னிட்டுத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் நிகழ்ந்தது. வழியில் மாண்ட முன்னோர் அதில் நினைவுகூரப்பட்டனர். காணி உரிமை அப்பயணத்தின் கோரிக்கைகளுள் ஒன்று. தோட்ட மயானங்களின் எதிர்காலமும் அந்த உரிமையோடு பிணைந்தது.