திரும்பி வந்தால் படிவம் காலி! கைத்தொலைபேசி ஏன் "மறந்துபோகிறது"?

ரயிலில் போகும்போது கைத்தொலைபேசியில் ஒரு விண்ணப்பப் படிவத்தைப் பாதி நிரப்பிவிட்டீர்கள். ஆவணத்தைப் படமெடுக்கக் கேமராவுக்குப் போகிறீர்கள். திரும்பி வந்து பார்த்தால் படிவம் காலி!

"அட, என்ன ஆச்சு?"

பல நேரங்களில் காரணம் நினைவகப் பற்றாக்குறை. எந்தச் செயலி இருக்கலாம், எது போகலாம் என்று தொலைபேசிக்குள் ஒரு முடிவு எடுக்கப்பட்டிருக்கும்.

கெர்னல் என்ன செய்கிறது?

இயங்குதளத்தின் மையப் பகுதிதான் கெர்னல். ஆண்ட்ராய்டு தொலைபேசிகளில் இருப்பது லினக்ஸ் கெர்னல். நினைவகத்தைச் செயலிகளுக்குப் பிரித்துக் கொடுப்பது அதன் வேலை.

நினைவகத்தை அது "பக்கம்" எனும் சிறு துண்டுகளாகப் பார்க்கிறது. வழக்கமாக ஒரு பக்கம் 4 கிலோபைட். 8 கிகாபைட் நினைவகம் என்றால் 2 மில்லியனுக்கும் அதிகமான பக்கங்கள்!

சவால் 1: எதை வெளியேற்றுவது?

இடம் நிறைந்துவிட்டால் சில பக்கங்களைக் காலிசெய்ய வேண்டும். எவற்றை?

ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்வாளர் லாஸ்லோ பெலாடி 1966இல் ஒரு விடை சொன்னார்: மீண்டும் தேவைப்பட ஆக அதிக நேரமாகும் பக்கத்தை வெளியேற்றுங்கள்.

கேட்க எளிது. ஆனால் அதற்கு எதிர்காலம் தெரிய வேண்டுமே! அடுத்து நீங்கள் எந்தச் செயலியைத் தொடுவீர்கள் என்று கெர்னலுக்குத் தெரியாது. அதனால் கடந்தகாலத்தை வைத்து ஊகிக்கிறது. அண்மையில் பயன்படுத்தாதவற்றுக்கு முதலில் ஆபத்து.

2 மில்லியன் பக்கங்களையும் ஓயாமல் கண்காணித்தால் பேட்டரி தீர்ந்துவிடும். 2022 டிசம்பரில் வந்த லினக்ஸ் 6.1இல் புதிய முறை சேர்க்கப்பட்டது. அது பக்கங்களைத் "தலைமுறை"களாகப் பிரித்து, மூத்த தலைமுறையை முதலில் வெளியேற்றுகிறது. ஊகம் மேம்பட்டது, ஆனாலும் அது ஊகம்தான்.

சவால் 2: எப்போது நிறுத்துவது?

பக்கங்களைக் காலிசெய்தும் இடம் போதவில்லை என்றால், ஏதாவது ஒரு செயலியையே நிறுத்த வேண்டியதுதான். ஆண்ட்ராய்டில் அதற்கென்றே ஒரு நிரல் உண்டு. பின்னணியில் இருப்பவை முதலில் நிறுத்தப்படும். கேமராவுக்கு நிறைய நினைவகம் தேவை. உங்கள் படிவம் அப்போது பின்னணியில் இருந்தது!

சீக்கிரமே நிறுத்தினால் உங்கள் வேலை வீணாகும். தாமதித்தால் தொலைபேசியே ஹேங் ஆகிவிடும்.

இடம் எவ்வளவு மிச்சம் என்பதை மட்டும் பார்த்து இதை முடிவுசெய்ய முடியாது. நினைவகத்துக்காக நிரல்கள் எவ்வளவு நேரம் காத்திருக்கின்றன என்பதை அளக்கும் வசதி 2018இல் லினக்ஸில் வந்தது. எவ்வளவு காத்திருந்தால் "இது அதிகம்" என்பது? எல்லாத் தொலைபேசிக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது.

சவால் 3: பக்கம் எவ்வளவு பெரியது?

2024இல் வெளியான ஆண்ட்ராய்டு 15, 16 கிலோபைட் பக்கங்களையும் ஆதரிக்கிறது. பக்கங்களின் எண்ணிக்கை நான்கில் ஒன்றாகக் குறையும், வேகம் கூடும். ஆனால் 1 கிலோபைட் தரவுக்கும் ஒரு முழுப் பக்கம் ஒதுக்க நேர்ந்தால், மீதி 15 வீண்தான். வேகம் வேண்டுமா, சிக்கனம் வேண்டுமா? இரண்டும் சேர்ந்து கிடைப்பது கடினம்.

நீங்கள் என்ன செய்யலாம்?

• எல்லாச் செயலிகளையும் அடிக்கடி தள்ளி மூடவேண்டாம். மறுபடி முதலிலிருந்து திறக்கத்தான் அதிக நேரமும் பேட்டரியும் செலவாகும்.

• படிவம் நிரப்பும் முன்பே தேவையான படங்களை எடுத்து வையுங்கள்.

• நீண்ட பதில்களைக் குறிப்புச் செயலியில் எழுதிவிட்டு, பிறகு ஒட்டுங்கள்.

• "சேமி" பொத்தான் இருந்தால், வேறு செயலிக்குப் போகும் முன் அதை ஒரு தட்டு தட்டிவிடுங்கள்.

செயலியை உருவாக்குவோருக்கும் பொறுப்புண்டு. செயலி பின்னணிக்குப் போகும்போது அதன் நிலையைச் சேமிக்க ஆண்ட்ராய்டு வழி தருகிறது. அதைச் சரியாகப் பயன்படுத்தும் செயலி, நிறுத்தப்பட்டாலும் விட்ட இடத்திலிருந்தே தொடரும்.