சைலன்சருக்கு 200 டாலர் வரி

சினிமாவுல சைலன்சர் மாட்டின துப்பாக்கி 'புஸ்'னு சுடும். நிஜம் வேற. வேட்டை ரைஃபிளோட சத்தம் 160 டெசிபல் கிட்ட. சைலன்சர் அதுல 25, 30 குறைக்கும், அவ்வளவுதான். தோட்டா ஒலியைத் தாண்டிப் பறக்குறப்ப வர்ற வெடிப்பு அப்படியே இருக்கும். ஆனா காதுக்கு அந்த 30 பெரிய விஷயம்.

1909-ல இதுக்கு அமெரிக்காவில் காப்புரிமை வாங்கி, கடைக்கே கொண்டுவந்தவர் ஹிராம் பெர்சி மாக்ஸிம். இவரோட அப்பாதான் மாக்ஸிம் மெஷின் கன்னை உருவாக்கினவர். சுட்டுச் சுட்டே காது மந்தமாகிப்போன மனுஷன்!

அப்புறம் கேங்ஸ்டர்கள் காலம். 1934-ல வந்த தேசிய துப்பாக்கிச் சட்டம் மெஷின் கன்னோட சைலன்சரையும் சேர்த்து 200 டாலர் வரி போட்டது. பொருளோட விலையைவிட வரி பல மடங்கு. கேங்ஸ்டரை விடுங்க, சாதாரண வேட்டைக்காரர் வாங்குறதே நின்னுபோச்சு.

அதே சட்டத்துல இன்னொரு முடிச்சு. சைலன்சர் மாட்டினா துப்பாக்கி நீளமாகும், புதர்ல இடிக்கும். அதனால குழலைக் குட்டையாக்கத் தோணும். 16 அங்குலத்துக்குக் கீழ போனா அதுக்கும் தனிப் பதிவு, தனி வரி. ஃபின்லாந்து, நார்வேல சைலன்சர் சாதாரண வேட்டைச் சாமான்.

2026 ஜனவரி 1-லிருந்து இந்த ரெண்டுக்கும் வரி பூஜ்யம். பதிவு மட்டும் இன்னும் இருக்கு.